ஹாஃபோட்: வெடி வெச்சுத் தகர்த்த மாளிகை

போன வருஷம் என் ஹார்ட் டிஸ்க் ஒண்ணு செத்துப்போச்சு. காலேஜ் ப்ராஜெக்ட், போட்டோ எல்லாம் அதோட போயிடுச்சு. பேக்கப் எடுக்கல. அந்த வயித்தெரிச்சல்ல இருந்தப்போதான் தாமஸ் ஜோன்ஸ் என்ற மனுஷனைப் பத்திப் படிச்சேன். அவர் இழந்ததைப் பார்த்தா என்னோடது ஒண்ணுமே இல்ல.

இடம், வேல்ஸ் நாட்டின் மேற்குப் பக்கம், இஸ்ட்வித் ஆற்றுப் பள்ளத்தாக்கு. எஸ்டேட் பேரு ஹாஃபோட். கோடையில் மாடுகளை மலைக்கு ஓட்டிட்டுப் போய்த் தங்குற குடிசையைத்தான் வேல்ஷ் மொழியில் அப்படிச் சொல்வாங்க. பேரே சொல்லிடுது, அது எவ்வளவு ஒதுக்குப்புறமான இடம்னு.

1780-களில் ஜோன்ஸ் அங்கே குடியேறினார். பரம்பரைச் சொத்து, நாடாளுமன்ற உறுப்பினர் வேற. பாத் நகரத்துக் கட்டடக் கலைஞர் தாமஸ் பால்ட்வினை வெச்சு மாளிகை கட்டினார். அப்புறம் ஜான் நாஷ் வந்து எட்டுப் பக்கம் கொண்ட ஒரு நூலகத்தைச் சேர்த்தார். பின்னாளில் லண்டனில் ரீஜென்ட் ஸ்ட்ரீட்டை வடிவமைச்ச அதே நாஷ்தான்.

வீட்டோட நிக்கல. மொட்டையா கிடந்த மலைகளில் மரம் நட ஆரம்பிச்சார். 1795-க்கும் 1801-க்கும் நடுவுல மட்டும் 20 லட்சத்துக்கும் மேல! பாதிக்கு மேல லார்ச். குத்தகை விவசாயிகள் எப்படிப் பயிர் செய்யணும்னு 1800-ல் ஒரு புத்தகம் போட்டார், வேல்ஷ் மொழியிலும் கொண்டுவந்தார். ஜமீன்தார் அறிவுரை சொல்றதுல எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு. ஆனா அவங்க மொழியில் சொல்லணும்னு நினைச்சாரு பாருங்க, அது பிடிச்சிருந்தது.

எஸ்டேட்டுலயே ஒரு அச்சகமும் வெச்சார், மாளிகையிலிருந்து தள்ளி. பிரெஞ்சு வரலாற்றாசிரியர் ஃப்ருவாஸாரை அவரே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, 1803 முதல் 1805 வரை அங்கேயே அச்சடிச்சார். அச்சகம் தள்ளி இருந்ததை ஞாபகம் வெச்சுக்கோங்க.

1807 மார்ச் 13. ஜோன்ஸ் லண்டனில் இருக்கார். ஹாஃபோட்ல தீப்பிடிச்சு மாளிகை எரியுது. நூலகமும் போச்சு. அதில் இருந்த கையெழுத்துப் பிரதிகளில் சிலதுக்கு உலகத்தில் வேற பிரதியே கிடையாது. காப்பீட்டுப் பணம் வந்தது, ஆனா இழப்புக்குப் பக்கத்துலகூட வரல. வேற யாராவதா இருந்தா விட்டுட்டுப் போயிருப்பாங்க. இவர் அதே பால்ட்வினைக் கூப்பிட்டுத் திரும்பக் கட்டினார். அச்சகம் மட்டும் தப்பிச்சிருந்ததால 1809-ல் அடுத்த பெரிய மொழிபெயர்ப்பும் வெளிவந்தது.

ஆனா 1811-ல் ஒரே மகள் மாரியம்னே இறந்துபோனாள். வயசு 27. செடிகள்னா அவளுக்கு உயிர். அவளுக்காகவே மலைச்சரிவில் ஒரு தோட்டம் போட்டிருந்தார். அதுக்கப்புறம் ஜோன்ஸ் தேறவே இல்லை. கடனும் கழுத்தை நெரிச்சது. ஹாஃபோட்டை விட்டுட்டு, டெவன் கடற்கரை ஊர் ஒண்ணுல 1816-ல் செத்துப்போனார். மகளுக்காக அவர் சான்ட்ரி என்ற சிற்பியிடம் செய்யச் சொன்ன பளிங்குச் சிலை, பின்னாடி எஸ்டேட் தேவாலயத்துக்கு வந்து சேர்ந்தது. 1932-ல் அந்தத் தேவாலயத்திலும் தீ! சிலை சிதைஞ்சுபோச்சு, துண்டுகள்தான் மிச்சம்.

எஸ்டேட் கைமாறிக்கிட்டே இருந்தது. நியூகேசில் பிரபு வாங்கினார், அப்புறம் இன்னும் சிலர். 1940-களில் மர வியாபாரிகள் கைக்குப் போச்சு, அதுக்கப்புறம் அரசின் வனத்துறைக்கு. அவ்வளவு பெரிய மாளிகையைப் பராமரிக்க யாரும் தயாரா இல்லை. 1958-ல் வெடி வெச்சுத் தகர்த்துட்டாங்க.

இன்னைக்குப் போனா, கற்குவியல்தான் இருக்கு. மாரியம்னேயின் தோட்டம் இருந்த இடத்தைச் சுத்திப் பாதைகளைச் சீர் செஞ்சு வெச்சிருக்காங்க, நடந்து பார்க்கலாம். ஜோன்ஸ் அச்சடிச்ச ஃப்ருவாஸார் இப்பவும் பழைய புத்தக விற்பனையில் வந்துக்கிட்டுதான் இருக்கு.