பஞ்சத்தில் ஞானஸ்நானம் கொடுக்க மறுத்த மிஷனெரி

மந்தைவெளியில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்றால் பக்கிங்காம் கால்வாய் தெரியும். இப்போது அதைக் கால்வாய் என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது. மேலே பறக்கும் ரயில், கீழே சாக்கடை. காலையில் நடக்கப் போகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு பாலத்தைக் கடக்கிறோம். இதே கால்வாயின் வடகோடியில், ஓங்கோல் பக்கம், ஏறக்குறைய 150 வருடங்களுக்கு முன் நடந்த ஒரு விஷயத்தை இன்று எழுத வேண்டும் என்று தோன்றியது.

அதற்குக் காரணம், போன மாதம் எங்கள் சபையில் நடந்த சாட்சிக் கூட்டம். ஆறு பேர் எழுந்து சாட்சி சொன்னார்கள். ஒருவருக்கு மகனுடைய விசா கிடைத்தது. ஒருவருக்கு வீட்டுக் கடன் அடைந்தது. இன்னொருவருக்குப் பதவி உயர்வு. எல்லாருக்கும் ஸ்தோத்திரம் சொன்னோம். வெளியே வரும்போது, ஒரே மகனை விபத்தில் பறிகொடுத்த ஒரு தங்கச்சி என்னிடம் கேட்டார்: "அப்போ என்கிட்ட சாட்சி ஒண்ணும் இல்லையா அண்ணே?"

எனக்குப் பதில் வரவில்லை. ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்ற வாரம் நான் சொன்ன சாட்சியும் பென்ஷன், வீடு, பிள்ளைகள் வேலை என்ற பட்டியல்தான். அது நினைவுக்கு வந்து தலை குனிந்தேன்.

இனி ஓங்கோல் கதைக்கு வருகிறேன். ஜான் க்ளஃப் அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனெரி. 1866-ல் ஓங்கோலில் குடியேறினார். அவரிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் தோல் வேலை செய்த மாதிகர்கள். ஊருக்கு வெளியே வைக்கப்பட்டிருந்தவர்கள். விக்கிரகங்களை வணங்கக் கூடாது, ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யக் கூடாது, செத்த மாட்டின் இறைச்சி சாப்பிடக் கூடாது என்று அவர்களுக்கு மூன்று கட்டளைகள். கேட்க எளிது. ஆனால் ஊர்ப் பெரியவர்களை அண்டிப் பிழைத்தவர்களுக்கு அது பிழைப்பையே கெடுக்கும் காரியம். சேர்ந்தவர்கள் அடியும் பட்டார்கள், வேலையும் இழந்தார்கள். ஆதாயம் தேடி வந்தவர்கள் என்று அப்போது யாரும் சொல்லியிருக்க முடியாது.

1876-ல் மழை பொய்த்தது. 1878 வரை நீடித்த அந்தப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானோர் மடிந்தார்கள். நிவாரண வேலையாக அரசாங்கம் கால்வாய் வெட்டும் பணியை முடுக்கிவிட்டது. 1878-ல்தான் அதற்கு அப்போதைய கவர்னர் பக்கிங்காம் கோமகனின் பெயரை வைத்தார்கள். வேலைத்தளத்தில் மாதிகர்களை மேஸ்திரிகள் துன்புறுத்தினார்கள். க்ளஃப் இளவயதில் நில அளவை வேலை பழகியவர். மூன்றரை மைல் நீளத்துக்குத் தானே காண்டிராக்ட் எடுத்தார். ஆயிரக்கணக்கானோர் அங்கே மண் வெட்டி, கூலி வாங்கி, உயிர் பிழைத்தார்கள். மேற்பார்வைக்கு அவருடைய உபதேசிமார் நின்றார்கள். இடைவேளையில், களைத்து உட்கார்ந்தவர்களிடம் இயேசுவைப் பற்றிப் பேசினார்கள்.

கேட்டவர்கள் ஞானஸ்நானம் கேட்டு வந்தார்கள். வேறொருவராக இருந்தால் உடனே கொடுத்து, எண்ணிக்கையை ஊருக்கு எழுதியிருப்பார். க்ளஃப் மறுத்துவிட்டார். கையில் கூலியும் நிவாரணப் பணமும் இருக்கும்வரை, வருகிறவன் தேவனைத் தேடி வருகிறானா, கஞ்சியைத் தேடி வருகிறானா என்று அவருக்கே தெரியாது. அரிசிக் கிறிஸ்தவர் என்ற ஏச்சு நாடெங்கும் இருந்த காலம் அது. ஏறத்தாழ 15 மாதம் ஒருவருக்கும் ஞானஸ்நானம் இல்லை. ஆனால் வேலையும் சோறும் மட்டும் யாருக்கும் நிறுத்தப்படவில்லை. இதைக் கவனிக்க வேண்டும். சோறு போட அவர் விசுவாசத்தைக் கேட்கவில்லை.

1878 ஜூனில் ஓங்கோலுக்கு வடக்கே குண்டலகம்மா ஆற்றங்கரையில் வெல்லம்பள்ளி என்ற ஊரில் கூட்டம் கூடியது. இனி உதவி கிடையாது, பணம் தீர்ந்துவிட்டது, திரும்பிப் போங்கள் என்று க்ளஃப் வெளிப்படையாகச் சொன்னார். அவர்கள் போகவில்லை. உதவி வேண்டாம், உழைத்ததற்குக் கையில் காய்ப்பு இருக்கிறது, அடுத்த விளைச்சலும் பொய்த்தால் சாவோம், ஆனால் கிறிஸ்தவர்களாகச் சாக வேண்டும் என்ற பொருளில் பதில் சொன்னார்கள். க்ளஃபே இதைப் பதிவு செய்திருக்கிறார்.

அதற்குமேல் அவரால் மறுக்க முடியவில்லை. ஜூலை 3-ம் தேதி ஒரே நாளில் 2,222 பேர் அந்த ஆற்றில் ஞானஸ்நானம் பெற்றார்கள். ஆறு போதகர்கள், இரண்டிரண்டு பேராக முறை மாற்றி நின்று கொடுத்தார்கள். க்ளஃப் அன்று ஆற்றில் இறங்கவில்லை.

வந்த எல்லாருடைய மனதும் சுத்தமாக இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஊர் மிதித்த மனிதன் கொஞ்சம் மதிப்பைத் தேடியும் வந்திருக்கலாம், அதில் தப்பில்லை. ஆனால் இனி கொடுக்க ஒன்றுமில்லை என்று கேட்ட பிறகும் அந்தக் கரையைவிட்டுப் போகாமல் நின்றார்களே, அதுதான் என் மனதைத் தொடுகிறது.

பணியில் இருந்தபோது விஜயவாடா மார்க்கத்தில் எத்தனையோ இரவு குண்டலகம்மா பாலத்தைக் கடந்திருக்கிறேன். அது என்ன ஆறு என்று தெரியாமலே பச்சை விளக்கைக் காட்டிவிட்டுப் போயிருக்கிறேன். இந்த விவரமெல்லாம் ஓய்வு பெற்ற பிறகு படித்துத் தெரிந்துகொண்டதுதான்.

ஆசீர்வாதத்துக்கு நன்றி சொல்வது நல்லது, சொல்லத்தான் வேண்டும். ஆனால் பட்டியல் தீர்ந்த பிறகும் தேவன் வேண்டுமா என்பது தனிக் கேள்வி. விசா வந்தவருக்கு அந்தக் கேள்வி இன்னும் வரவில்லை. அந்தத் தங்கச்சிக்கு வந்துவிட்டது. மகன் போன அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அவர் ஆராதனைக்கு வந்திருந்தார்; தூணோரம், வழக்கமான இடத்தில். நாங்கள் யாரும் அதைச் சாட்சி என்று நினைக்கவில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை அவரிடம் குண்டலகம்மா கதையைச் சொல்லப் போகிறேன். துக்கத்துக்கு அது மருந்தாகாது என்று தெரியும். ஆனாலும் அன்று சொல்லாமல் விட்ட பதிலை எப்போதாவது சொல்லித்தானே ஆக வேண்டும்.