மேல்காட்டுக்கு ரோடு வெட்டலாமா? எங்க மலையோட மண்சரிவு வரலாறு

முட்டைகோஸ் நாத்து நட்டு முடிச்ச கையோட உட்கார்ந்து எழுதுறேன். இந்தத் தடவை விவசாயக் குறிப்பு இல்லை, கொஞ்சம் பழைய கதை. காரணம் என் தம்பி.

எங்களுக்கு ரெண்டு துண்டு நிலம். வீட்டை ஒட்டிக் கீழ்க்காடு, செங்குத்தா ஏறிப் போனா மேல்காடு. மேல்காட்டுல விளையுற கேரட்டை மூட்டையா கட்டித் தலைச்சுமையாதான் இறக்கணும். இப்ப சுமைக்கு ஆள் கிடைக்கறதில்லை. கிடைச்சாலும் கூலி கொடுத்து, மேட்டுப்பாளையம் மண்டிக்கு வண்டி வாடகையும் கொடுத்தா கையில ஒண்ணும் நிக்காது. அதனால தம்பி சொல்றான், "அண்ணே, ஒரு நாள் ஜேசிபி விட்டா போதும், பிக்கப் வண்டி மேல வரைக்கும் போயிரும்."

அவன் கணக்கு தப்பில்லை. ஆனா அதே கணக்கை 2008ல் நானும் போட்டேன். அது எங்க போய் முடிஞ்சதுன்னு சொல்றதுக்கு முன்னாடி, இந்த மலை எப்படிப்பட்டதுன்னு சொல்லணும்.

ஊட்டிக்குத் தெற்கே அவலாஞ்சின்னு ஒரு இடம் இருக்கு. அணையும் ஏரியும் பார்க்க எல்லாரும் போவாங்க. அந்தப் பேரு ஏன் வந்ததுன்னு யாரும் கேக்கறதில்லை. பனிச்சரிவுக்கு இங்கிலீஷ்ல சொல்ற வார்த்தைதான் அது. இங்கே பனிமலையே கிடையாது. 1800களோட தொடக்கத்துல அங்க ஒரு பெரிய மண்சரிவு வந்துச்சு. அதை வச்சு வெள்ளைக்காரங்க அந்தப் பேரை வச்சாங்க. கோயம்புத்தூர் கலெக்டரா இருந்த ஜான் சல்லிவன் மலையேறி வந்தது 1819ல். அந்தக் காலத்திலேயே இந்த மலை மண்ணை இறக்கிக்கிட்டுத்தான் இருந்திருக்கு. மலை இப்பதான் கெட்டுப்போச்சுன்னு நாம சொல்றது பாதி உண்மைதான்.

அடியில இருக்கறது சார்னோகைட்ங்கற கெட்டிப் பாறை, ரொம்ப ரொம்பப் பழையது. கோடிக்கணக்கான வருஷம் வெயிலும் மழையும் பட்டு அதோட மேல்பகுதி மக்கி மண்ணாயிருக்கு. சில இடத்துல ஆள் உயரம், சில இடத்துல தென்னை மர உயரத்துக்கும் மேல மண்ணுதான். மேல செம்மண், அதுக்குக் கீழ மஞ்சளும் வெள்ளையுமா வழுவழுன்னு ஒரு களிமண், அதுக்கும் கீழ பாறை. கிணறு தோண்டின யாரும் இதைப் பார்த்திருப்பாங்க. மழை விட்டு விட்டுப் பெய்ஞ்சா தண்ணி கொஞ்சம் இறங்கும், கொஞ்சம் ஓடை வழியா ஓடிரும். நாலு நாள் விடாம ஊத்தினா, மண்ணுக்குள்ள இருக்கிற இடுக்கெல்லாம் தண்ணி ரொம்பிரும். மண்ணோட பாரம் கூடும், மண்ணுக்கு மண் இருக்கிற பிடிப்பு குறையும். கீழ பாறை தண்ணியை உள்ள விடாது. அந்தக் களிமண் மேல மொத்த மண்ணும் சறுக்கு மரத்துல உக்கார்ந்த மாதிரி கீழ வரும்.

அப்ப இத்தனை காலம் நின்னது எப்படி? பள்ளத்துல சோலைக்காடு, மேட்டுல புல்வெளி. இதுதான் இந்த மலையோட பழைய உடுப்பு. சோலை தண்ணியைப் பிடிச்சு மெதுவா விடும், புல்லு மேல்மண்ணை இறுக்கிக்கும். வெள்ளைக்காரன் காலத்துல புல்வெளியில சீகை மரமும் தைல மரமும் வச்சாங்க. அப்புறம் தேயிலை, அப்புறம் நம்ம உருளைக்கிழங்கும் கேரட்டும். தேயிலைச் செடியாவது ஆழமா வேர் விட்டு வருஷக்கணக்கா நிக்கும். நாம காய்கறிக்காரங்க வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவை மண்ணைக் கிளறிப் போடுறோம். உருளை அழுகக் கூடாதுன்னு பாத்தியை மேலிருந்து கீழா நேரா ஓட்டுறோம். தண்ணி நிக்காம ஓடிரும்தான், கூடவே மண்ணும் ஓடிரும்.

எங்க குடும்பம் இந்த மலைக்கு வந்ததே ஒரு ஒப்பந்தத்தால. 1964ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்துப் போட்டாங்க, இலங்கைத் தோட்டத்துல இருந்த நம்ம சனங்க லட்சக்கணக்குல இந்தியாவுக்கு வரணும்னு முடிவாச்சு. அப்படி வந்தவங்களுக்கு வேலை கொடுக்க 1968ல் அரசு தேயிலைத் தோட்டம் நீலகிரியில ஆரம்பிச்சது. அப்பாவும் அம்மாவும் அந்த வழியில வந்தவங்க. ஊவா மாகாணத்து லயத்துல இருந்து நீலகிரி லயத்துக்கு. நான் பிறந்தது இங்கதான்.

1978 நவம்பர் மழை வந்தப்ப எனக்கு விவரம் தெரியாது. அப்பா சொல்லித்தான் தெரியும். ராத்திரி முழுக்க லயத்துல யாரும் படுக்கலையாம். மலை உறுமுற சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சாம். அந்த மழையில மாவட்டம் முழுக்க நூத்துக்கும் மேற்பட்ட இடத்துல மண் சரிஞ்சு நிறைய உயிர் போச்சு. அதுக்கப்புறம்தான் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்காரங்க மலையைச் சுத்தி ஆராய்ஞ்சு 1982ல் நீலகிரி மண்சரிவு பத்தி ஒரு புத்தகமே வெளியிட்டாங்க. 1990ல் மலைப்பகுதிக் கட்டடங்களுக்குக் கட்டுப்பாடு கொண்டுவர அரசு ஒரு ஆணையம் அமைச்சது. விதி வந்துச்சு. ஆனா மலையும் நிக்கல, நாமளும் நிக்கல. 1993 நவம்பர்ல குன்னூர் மேட்டுப்பாளையம் ரோட்டுல மரப்பாலத்துல சரிவு வந்து ரோடு, ரயில் பாதை எல்லாம் போச்சு. உயிர்களும் போச்சு.

இப்ப என் கதைக்கு வரேன்.

2008 கோடையில கீழ்க்காட்டுக்கு வண்டி வர்றதுக்காகச் சரிவோட அடியை வெட்டினேன். ஆள் உயரத்துக்குச் செங்குத்தா வெட்டு. வெட்டின மண்ணைப் பக்கத்துல இருந்த சின்ன ஓடையில தள்ளினேன். அந்த ஓடையில மழைக்காலம் தவிர தண்ணி வராது, அதனால அது ஓடைன்னே நான் நினைக்கல. அப்பா மட்டும் சொன்னார், "தண்ணி போன வழியை அடைக்காதடா, அது மறக்காது." அந்த வருஷம் கேரட்டுக்கு நல்ல விலை. வண்டி வீட்டு வாசலுக்கே வந்துச்சு. அப்பா பேச்சு காதுல ஏறல.

அடுத்த வருஷம் நவம்பர். நாலஞ்சு நாள் விடாத மழை. 2009 நவம்பர் 10ஆம் தேதி காலையோட முடிஞ்ச ஒரே நாள்ல கேத்தியில 82 சென்டிமீட்டர் பதிவாச்சு. எங்க பக்கம் ஒரு வருஷம் முழுக்கப் பெய்யற மழையில பாதிக்கு மேல ஒரே நாள்ல. மாவட்டத்துல ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடத்துல மண் சரிஞ்சுது, நாப்பதுக்கும் மேற்பட்டவங்க செத்தாங்க.

எங்க வெட்டுக்கு மேல ரெண்டு நாள் முன்னாடியே ஒரு விரிசல் இருந்துச்சு. பாத்திக்குக் குறுக்கா, விரல் நுழையற அளவு. நான் பார்த்தேன். காய்ஞ்சப்ப விட்ட வெடிப்பு மழையில மூடிக்கும்னு நினைச்சேன். மழையில திறக்கிற வெடிப்பு மூடாதுங்கறது அப்ப தெரியாது. அன்னிக்கு சாயங்காலம் வேலிக்கம்பு சாய்ஞ்சிருந்துச்சு. வழக்கமா தெளிவா வர்ற ஊத்துத் தண்ணி கலங்கி வந்துச்சு. மலை ஒவ்வொண்ணா சொல்லிக்கிட்டே இருந்துச்சு, நான்தான் கேக்கல.

ராத்திரி ரெண்டு மணிக்கு மேல இறங்கிச்சு. எங்க வீட்டுக்கு ஒண்ணும் ஆகல. அடைச்ச ஓடையில வந்த தண்ணி வழி மாறி, மண்ணையும் தூக்கிக்கிட்டுப் பக்கத்து வீட்டு அக்காவோட மாட்டுக்கொட்டாய் மேல போச்சு. ரெண்டு கறவை மாடு உள்ள. ஒண்ணு சினை. கொட்டாய்க்கு அடுத்த சுவருக்கு அந்தப் பக்கம் அவங்க பிள்ளைங்க படுத்திருந்தாங்க. சுவர் தாங்கிச்சு. தாங்கியிருக்காட்டி நான் இந்த ஊர்ல இருந்திருக்க மாட்டேன். அந்த அக்கா இன்னிக்கு வரைக்கும் என்னை ஒரு வார்த்தை திட்டினதில்லை. அதுதான் எனக்குப் பாரம். மாட்டுக்குக் காசு கொடுத்தேன். அது காசு விஷயமா என்ன?

அப்புறம் நடந்த ரெண்டு சம்பவம் எங்க சனத்தோட சம்பந்தப்பட்டது.

2014 அக்டோபர் 29, இலங்கையில கொஸ்லாந்தைக்குப் பக்கத்துல மீரியபெத்தை தோட்டம். காலையில பிள்ளைங்க பள்ளிக்கூடம் போன பிறகு மலை சரிஞ்சு லயத்தை மூடிருச்சு. திரும்பி வந்த பிள்ளைங்களுக்கு வீடும் இல்லை, பலருக்குப் பெத்தவங்களும் இல்லை. அங்கேயே தங்கிட்ட எங்க அத்தை அப்ப போன்ல அழுதது இன்னும் காதுல இருக்கு. அந்த இடம் ஆபத்துன்னு 2005லயும் 2011லயும் அந்த நாட்டு ஆராய்ச்சி நிறுவனம் எச்சரிச்சிருந்துச்சு. எச்சரிக்கை இருந்துச்சு, போறதுக்கு வேற வீடு இல்லை.

2020 ஆகஸ்ட் 6 ராத்திரி, மூணாறு பக்கம் பெட்டிமுடி. நாலு லயம் போச்சு, 70 பேர். பெரும்பாலும் தமிழ்நாட்டுல இருந்து போன தேயிலைத் தொழிலாளிங்க. கரண்ட்டும் போனும் இல்லாததால விடிஞ்ச பிறகுதான் வெளியுலகத்துக்கே சேதி தெரிஞ்சுது.

மழை எல்லாருக்கும் ஒண்ணாத்தான் பெய்யுது. சரிவுக்கு அடியில யாரைக் குடி வச்சோம்ங்கறது மழை முடிவு பண்றதில்லை. இங்க இருக்கிற பழைய படுகர் ஹட்டிகளைப் பாருங்க. ஓடையை விட்டு விலகி, சாய்வு குறைஞ்ச இடமாப் பார்த்து வரிசையா வீடு கட்டியிருப்பாங்க. இடத்தைத் தேர்ந்தெடுக்க அவங்களுக்கு முடிஞ்சுது. எங்களுக்குத் துரை காட்டின இடம்தான் வீடு.

2009க்கு அப்புறம் நான் செஞ்சதைச் சொல்றேன். முதல்ல ஓடையைத் தோண்டிப் பழைய வழியிலயே விட்டேன். வெட்டின இடத்துல கம்பி வலைக்குள்ள கல்லு அடுக்கி சுவர் வச்சேன். சிமெண்ட் பூசாததால தண்ணி கசிஞ்சு வெளிய வந்துரும், சுவருக்குப் பின்னாடி தேங்காது. அதுக்கு மேல வெட்டிவேர் நட்டிருக்கேன். பாத்தியைச் சரிவுக்குக் குறுக்கா மாத்தி, படிப்படியா வெட்டின நிலத்துல ஒவ்வொரு படியையும் லேசா உள்பக்கம் சாய்ச்சு, ஓரத்துல வடிகால் விட்டேன். வடிகால்ல புல்லு. உருளை அழுகிருமோன்னு பயந்தேன். வடிகால் சுத்தமா இருந்தா அழுகறதில்லை. மேல்காட்டோட உச்சியில காய்கறியை நிறுத்திட்டுத் தேயிலையும் மாட்டுத் தீவனப் புல்லும் வச்சிருக்கேன்.

வாசல்ல நேர்ப்பக்க டப்பா ஒண்ணு வச்சு, தினமும் காலையில ஸ்கேல் விட்டு மழையை அளந்து நோட்டுல எழுதுறேன். 2019 ஆகஸ்ட்ல அவலாஞ்சியில ஒரே நாள்ல 91 சென்டிமீட்டர் பெய்ஞ்ச செய்தி வந்தப்ப, என் டப்பா ரொம்பறதுக்கு முன்னாடியே பக்கத்து அக்கா வீட்டுப் பிள்ளைங்களையும் கூட்டிக்கிட்டு பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டோம். ஒண்ணும் ஆகல. சிலர் சிரிச்சாங்க. சிரிக்கட்டும்.

மாவட்டத்துல ஆபத்தான இடம்னு 283 இடத்தை நிர்வாகம் குறிச்சு வச்சிருக்கு. மண் தோண்டுற இயந்திரத்துக்கு அனுமதி வாங்கணும்னு விதியும் இருக்கு. ஆனா விதியைவிட நம்ம கண்ணு முக்கியம். சரிவுக்குக் குறுக்கா விரிசல், சாய்ஞ்ச மரம், கலங்கின ஊத்து, திடீர்னு மூடாத கதவு, கொட்டுற மழையில சட்டுன்னு குறையற ஓடை. இதுல ஒண்ணு பார்த்தாலும் பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு முதல்ல வெளிய வாங்க. ஓடையோட போக்குல ஓடாதீங்க, பக்கவாட்டுல மேடான இடத்துக்குப் போங்க. அப்புறம் 1077க்குப் போன் பண்ணுங்க. மாடு இருந்தா கயித்தை அவுத்து விட்டுட்டு வாங்க.

தம்பிகிட்ட இவ்வளவும் சொன்னேன். அவன் கேட்டான், "அப்ப மூட்டையை யார் சுமக்கறது?" நியாயமான கேள்விதான். மேல்காட்டுல பாரமான கேரட்டுக்குப் பதிலா பாரம் குறைஞ்ச பயிர் போடலாம், நடைபாதையை வளைச்சு வளைச்சுக் கல் படி கட்டலாம்னு பேசி வச்சிருக்கோம். வருமானம் குறையும். அவன் இன்னும் முழுசா சமாதானம் ஆகல.

நேத்து ரெண்டு பேரும் ஓடையில இறங்கி அடைஞ்ச இலை, பிளாஸ்டிக் எல்லாம் வாரினோம். கரையில அந்த அக்கா டீ கொண்டு வந்து வச்சாங்க. கொட்டாய் இருந்த இடத்துல இப்ப மேரக்காய்ப் பந்தல். தம்பி கொஞ்ச நேரம் அந்தப் பந்தலையே பார்த்துக்கிட்டு நின்னான். ஜேசிபி பேச்சை எடுக்கல.

வடகிழக்குப் பருவமழை வரப்போகுது. மலையில இருக்கிறவங்க இந்த வாரமே உங்க வீட்டுப் பக்கத்து ஓடையை ஒரு தடவை நடந்து பார்த்துட்டு வாங்க.