மூக்கைச் சொறியும் மான்

மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தில் யானைகளையும் தேவர்களையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள், பின்னங்காலால் மூக்கைச் சொறியும் மானைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. அதைச் செதுக்கிய பல்லவச் சிற்பி எத்தனை பொழுது ஓசைப்படாமல் உட்கார்ந்து மான்களைப் பார்த்திருப்பார்! பள்ளி மனநல ஆலோசகருக்கு வேண்டிய குணங்களில் இந்தப் பொறுமையான பார்வையையே நான் முதலில் வைப்பேன். பிள்ளைகள் துயரத்தைத் துயரமென்று சொல்வதில்லை. வயிற்றுவலி என்பார்கள், திங்கட்கிழமைகளில் மட்டும் பள்ளிக்கு வரமாட்டார்கள்.

2004 டிசம்பர் 26 ஞாயிறு காலை மாமல்லபுரம் இருக்கும் இந்தக் கடற்கரையைச் சுனாமி தாக்கியது. கடலே வாழ்வாக இருந்த குப்பத்துப் பிள்ளைகள் கடலுக்கே அஞ்சினார்கள். அப்போது பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் தமிழகத்தில் உள்ளூர்த் தொண்டர்களுக்கு மனநல ஆதரவுப் பயிற்சி அளித்தது. அங்கும் வேண்டியது அதே பொறுமைதான்: துருவித் துருவிக் கேட்பதைவிட, படம் வரையவும் விளையாடவும் விட்டு அருகில் இருப்பதே பிள்ளைகளைப் பேசவைக்கும். வாய் ஓயாத அறிவுரையாளர்களுக்கு இது கடினமான பாடம்.

அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1957இல் எழுதிய கட்டுரையில் ஆலோசகரிடம் இருக்கவேண்டியவையாக மூன்றைச் சொன்னார்: எதிரில் இருப்பவரின் இடத்திலிருந்து உணர்வது, நிபந்தனையில்லாமல் மதிப்பது, உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசாமை. மூன்றாவதுதான் நம் பள்ளிகளில் கடுமையாகச் சோதிக்கப்படுகிறது.

“யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு பிராமிஸ் பண்ணுங்க மிஸ்” என்று ஒரு மாணவி கையை நீட்டினால் என்ன செய்வது? பாலியல் கொடுமை என்று தெரிந்துவிட்டால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். இரக்கத்தால் பொய்ச் சத்தியம் செய்தவர் அந்தப் பிள்ளையின் நம்பிக்கையை இரண்டாம் முறை உடைக்கிறார். எதை மறைத்து வைப்பேன், எதை மறைக்க முடியாது என்பதை முதல் சந்திப்பிலேயே சொல்லும் நேர்மை வேண்டும். “பள்ளிக்கூடத்துப் பேர் கெட்டுடும்” என்று நிர்வாகம் தயங்கும்போது வளையாமல் நிற்கும் துணிவும் வேண்டும். இந்தத் துணிவு இல்லாதவரின் கனிவை நான் பெரிதாக மதிப்பதில்லை.

புகார் கொடுத்தபின் ஒருநாள் அந்தப் பிள்ளை மறுபடி வகுப்புக்கு வரும். அப்போது நடந்ததை மீண்டும் சொல்லச் சொல்லிக் கேட்கக் கூடாது. “சாப்பிட்டியாம்மா?” என்று கேட்டு, பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டால் போதும்.