செவிக்கு வரும் ஆணை

புதுச்சேரியில் ஞாயிறுதோறும் மகாத்மா காந்தி வீதியில் சந்தை கூடுவதை நேயர்கள் அறிவார்கள். விலை கூவுவோர் குரலும் வண்டிகளின் இரைச்சலும் ஒன்றோடொன்று மோதும் அவ்வீதியில், உடன் வரும் தோழர் மெல்லச் சொல்லும் சொல்லை நாம் எவ்வாறோ பிரித்துக் கேட்டுவிடுகிறோம். இவ்வாற்றல் எங்கே உள்ளது? மூளையில் என்று உடனே விடை கூறலாம். அவ்விடை பிழையன்று, ஆயின் முழுமையுமன்று. மூளை தன்னிடம் வந்து சேர்ந்த ஒலிகளைப் பகுத்தறிவதோடு நிற்பதில்லை. உட்செவிக்கே ஆணை அனுப்பி, அதன் வேலையையும் திருத்துகிறது. இவ்வுண்மை வெளிப்பட்ட வரலாற்றையே இன்று கூற விரும்புகிறேன்.

1851ஆம் ஆண்டில் இத்தாலியரான கார்ட்டி, உட்செவியில் நத்தை ஓடுபோல் சுருண்டிருக்கும் பகுதியின் நுண்ணமைப்பை நுண்பெருக்காடி கொண்டு கண்டு எழுதினார். அதன்பின் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம், செவி செய்தி அனுப்பும், மூளை பெற்றுக்கொள்ளும் என்பதே அறிஞர் கருத்தாக இருந்தது. செவியில் ஒலியலை எவ்வாறு பரவுகிறது என்பதைக் கண்டு 1961இல் நோபல் பரிசு பெற்ற பெக்கேசியும் பெரும்பாலும் இறந்தோர் செவிகளையே ஆராய்ந்தார். உயிர் நீங்கிய செவிக்கு மூளையிலிருந்து என்ன ஆணை வரப்போகிறது?

மறுவழி ஒன்று உண்டென்பதை 1946இல் தெளிவாகக் காட்டியவர் அமெரிக்க உடற்கூற்று அறிஞர் ராஸ்முசென். நரம்பிழையை வெட்டினால், உயிரணுவிலிருந்து பிரிந்த பகுதி நலிந்து அழியும். பூனைகளின் மூளைத்தண்டில் ஒலிவக்காயின் பெயரால் வழங்கும் நரம்புத் திரளுக்கு அருகில் வெட்டி, நலிந்த இழைகள் எங்கே போய் முடிகின்றன என்று அவர் தொடர்ந்து பார்த்தார். அவை உட்செவியில் போய் முடிந்தன! வழியிலோ, அவை கேள்வி நரம்போடு செல்லாமல், உடலின் சமநிலையைக் காக்கும் நரம்போடு கூடிச் சென்றன. இச்சிறு செய்தியை நேயர்கள் நினைவில் வைத்தல் வேண்டும்.

வழி உண்டு; அதில் செல்வது யாது? இதற்கு விடை தந்தவர் ராபர்ட் கலாம்போஸ். வௌவால்கள் எதிரொலி கேட்டே இருளில் பறக்கின்றன என்று கிரிஃபின் என்பாரோடு சேர்ந்து முன்னரே நிறுவியவர் இவரே. அவ்விழைகளை மின்சாரத்தால் தூண்டியபோது, ஒலிக்குக் கேள்வி நரம்பு தரும் மறுமொழி குறைந்ததை 1956இல் அவர் வெளியிட்டார். அவ்வாண்டைப் புதுச்சேரியார் எளிதில் நினைவு கொள்ளலாம். 1823இல் பிரெஞ்சு அரசு நிறுவிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த தன்வந்திரி மருத்துவக் கல்லூரி தோன்றிய ஆண்டு அது; 1964இல் அக்கல்லூரியே ஜிப்மர் ஆயிற்று.

வானொலிப் பெட்டியின் குமிழைத் திருகி ஒலியைக் குறைப்பது போன்ற இச்செயல் செவியில் எவ்வாறு நிகழ்கிறது? அங்கே மற்றொரு புதிர் காத்திருந்தது. மனிதர் உட்செவி ஒவ்வொன்றிலும் உள்வரிசை மயிரணுக்கள் ஏறத்தாழ 3,500. வெளிவரிசை மயிரணுக்கள் ஏறத்தாழ 12,000. ஆயினும் மூளைக்குச் செய்தி கொண்டு செல்லும் இழைகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து சிறுபான்மையான உள்வரிசையிலிருந்தே புறப்படுகின்றன. அங்ஙனமாயின் வெளிவரிசையின் பணி என்ன? 1978இல் லண்டனில் டேவிட் கெம்ப், செவிக்குள் ஒலி செலுத்தினால் செவியே மெல்லிய ஒலியைத் திருப்பித் தருவதைப் பதிவு செய்தார். 1985இல் பிரவுனெல் குழுவினர், வெளிவரிசை அணுக்கள் மின்தூண்டலால் நீண்டு சுருங்குவதைக் காட்டினர். மெல்லொலியைப் பெருக்கித் தரும் கருவி அதுவே. மூளைத்தண்டின் ஆணை அவ்வணுக்களைச் சென்று தொட்டு, அப்பெருக்கத்தைத் தணிக்கிறது. கெம்ப் கண்ட அந்த மெல்லொலியைக் கொண்டே இன்று பிறந்த குழந்தைகளின் செவித்திறனைச் சோதிக்கிறார்கள்.

1990இல் பிரான்சின் லியோன் நகரில் கொலே குழுவினர், ஒரு செவியில் இரைச்சல் ஊட்டினால் மறுசெவியின் மெல்லொலி தாழ்வதை மனிதரிடமே கண்டனர். ஆயின் இவ்வாணையால் நமக்கு என்ன பயன்? மார்செய் நகரில் கடுந்தலைச்சுற்றல் நோயாளிகளுக்குச் சமநிலை நரம்பை வெட்டும் அறுவை நடந்தது. அந்நரம்போடு செல்லும் ஆணை இழைகளும் உடன் அறுபட்டன. அவ்வாறான 16 பேரை ஆராய்ந்த ஷார்ஃப் குழுவினர், அவர்கள் கேள்வியில் பெரிய மாற்றமில்லை என்று 1997இல் எழுதினர். ஒன்று மட்டும் மாறிற்று. ஒரு சுரத்தை எதிர்பார்த்துக் காத்திருக்கும் செவி, எதிர்பாராத மெல்லிய சுரங்களைப் பொதுவாகத் தவறவிடும். இவர்கள் அவற்றையும் கேட்டனர். ஆகவே, கவனத்துக்குப் புறம்பானதை வாயிலிலேயே தடுப்பது இவ்வாணையின் ஒரு பணி எனக் கருதலாம். 1965இல் மைசூரில் தோன்றிய அகில இந்தியப் பேச்சு கேள்வி நிறுவனத்தின் ஆய்வு ஒன்று, இரைச்சலினிடையே பேச்சறியும் திறனோடு இவ்வாணைக்குத் தொடர்புண்டு என்று 2004இல் கூறிற்று. பிற ஆய்வுக்கூடங்களின் முடிவுகள் யாவும் இதனோடு ஒத்துப்போகவில்லை. வழக்கு இன்னும் தீரவில்லை என்பதே என் கருத்து.

காவல் பணியும் உண்டு. இவ்வனிச்சைச் செயல் வலுவாக உள்ள கினிப்பன்றிகளின் செவிகள் பேரிரைச்சலால் குறைவாகவே கெட்டன என்று மேசனும் லிபர்மனும் 2000ஆம் ஆண்டில் காட்டினர். மனிதரின் மயிரணு அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லையாதலால் இது சிறு செய்தியன்று. ஆயின் இக்காவலுக்கு ஓர் எல்லை உண்டு. மூளைத்தண்டின் ஆணை செவியை அடைந்து வலுப்பெற ஏறத்தாழ ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ ஆகும். காதருகே வெடிக்கும் தீபாவளி வெடியின் அதிர்ச்சி ஆயிரத்தில் சில பங்குக்குள் முடிந்துவிடுகிறது. ஆணை வந்து சேரும்போது, ஒலி தன் வேலையை முடித்துவிட்டிருக்கும்.