100 பேரில் 7 பேர்: ஒரு கண்புரையும் நாலு துறை ஆராய்ச்சியும்

கொஞ்சம் நீளமான த்ரெட். டீ போட்டு வச்சுக்கிட்டு நிதானமா படிங்க.

ஆராய்ச்சின்னு சொன்னதும் வெள்ளைக் கோட்டு, கண்ணாடிக் குடுவை, வெளிநாட்டு யுனிவர்சிட்டி இதெல்லாம்தான் நமக்கு ஞாபகம் வரும். ஆனா நம்ம தெற்குச் சீமையில, கண்புரைங்கற ஒரே நோயில ஆரம்பிச்ச வேலை அறுவை சிகிச்சை, பொறியியல், நிர்வாகவியல், கணினின்னு நாலு துறைக்குள்ளயும் போயிருக்கு. அந்த வரலாறுதான் இன்னைக்கு.

முதல்ல கண்புரைன்னா என்னன்னு பார்த்துடுவோம். கண்ணுக்குள்ள பிறவியிலேயே ஒரு லென்ஸ் இருக்கு. வயசாக ஆக அது கலங்கிப்போகும். வெளிச்சம் உள்ள போகாது. சொட்டு மருந்து, மாத்திரை எதுவும் இதைக் கரைக்காது. ஆபரேஷன் ஒன்றுதான் வழி. அதாவது இது சரிசெய்யக்கூடிய குருட்டுத்தனம். சரிசெய்ய முடிஞ்சும் ஒருத்தர் பார்வை இல்லாம இருக்கார்னா, தப்பு கண்ணுல இல்ல. நடுவுல எங்கயோ ஒரு தடை இருக்கு.

அந்தத் தடை எதுன்னு தேடிப்போனவர் ஒரு அரசு மருத்துவர்.

டாக்டர் ஜி. வெங்கடசாமி. 1918 அக்டோபர் 1ல எட்டயபுரம் பக்கம் வடமலாபுரத்துல பிறந்தார். இன்னைக்கு அது தூத்துக்குடி மாவட்டம். 1986 வரைக்கும் எல்லாம் ஒரே நெல்லைச் சீமைதான். தாமிரபரணித் தண்ணி எட்டாத கரிசல் பக்கம். 1944ல ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில படிப்பை முடிச்சு ராணுவ மருத்துவத்துக்குப் போனார். அங்க முடக்குவாதம் தாக்கி ஒரு வருஷத்துக்கு மேல படுக்கை. விரல்கள் கோணிப்போச்சு. அந்தக் கையோடதான் கண் மருத்துவம் படிச்சு, ஆபரேஷனும் பழகினார். 1956ல இருந்து மதுரை எர்ஸ்கின் ஆஸ்பத்திரியில (இன்னைக்கு ராஜாஜி மருத்துவமனை) கண் துறைத் தலைவர். அங்க இருந்துகிட்டே ஊர் ஊரா கண் முகாம் நடத்தினார். 1976ல ரிட்டயர் ஆனதும் மதுரையில 11 படுக்கையோட ஒரு கண் ஆஸ்பத்திரி தொடங்கினார். அதுதான் அரவிந்த். மத்திய அரசு தேசிய பார்வை இழப்பு தடுப்புத் திட்டத்தை ஆரம்பிச்சதும் அதே 1976லதான். 1988ல நம்ம திருநெல்வேலிக்கும் அரவிந்த் வந்துச்சு.

இனி தடைகளை ஒண்ணொண்ணா பார்ப்போம்.

முதல் தடை: அறுவை சிகிச்சை

அந்தக் காலத்துல கலங்கின லென்ஸை உறையோட எடுத்துடுவாங்க. பதிலுக்கு உள்ள எதுவும் வைக்க மாட்டாங்க. வெளியே ஒரு சோடாபுட்டி கண்ணாடி கொடுப்பாங்க. உங்க ஊர் ஆச்சிகள் போட்டிருந்ததைப் பார்த்திருப்பீங்க. அதுல எல்லாம் பெருசா தெரியும், ஓரத்துல எதுவும் தெரியாது. வயக்காட்டுல கண்ணாடி விழுந்து உடைஞ்சா மறுபடியும் இருட்டு.

கண்ணுக்குள்ளயே செயற்கை லென்ஸ் வைக்கலாம்னு முதல்ல செஞ்சு காட்டியவர் லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரி டாக்டர் ஹெரால்ட் ரிட்லி, 1949ல. போர் விமானிகள் கண்ணுக்குள்ள விமானத்தோட அக்ரிலிக் சில்லு தெறிச்சும் கண்ணு அதை அவ்வளவா எதிர்க்கலைன்னு கவனிச்சார். அதே வகை அக்ரிலிக்ல லென்ஸ் செஞ்சார்.

ஆனா ஏழை நாட்டுக்கு இது சரிவருமா, ஆபத்து கூடுமான்னு பலருக்குச் சந்தேகம். மதுரையில அதை வாதம் பண்ணித் தீர்க்கல. இரண்டு கண்ணும் பார்வை இழந்த 3,400 பேரைக் குலுக்கல் முறையில ரெண்டு குழுவா பிரிச்சாங்க. ஒரு குழுவுக்குப் பழைய முறை, தடிமன் கண்ணாடி. இன்னொண்ணுக்கு உள்லென்ஸ். முடிவு 1998ல வெளியாச்சு. லென்ஸ் வச்சவங்களுக்குச் சிக்கல் கூடல. தினசரி வாழ்க்கையில அவங்கதான் நல்லா இருந்தாங்க.

இரண்டாவது தடை: விலை

சரி, லென்ஸ் நல்லது. யார் வாங்குறது? 90களின் தொடக்கத்துல இறக்குமதி லென்ஸ் ஒண்ணு 100 டாலர் பக்கம். இலவச ஆபரேஷனுக்கு வர்ற விவசாயக் கூலிக்கு அதை எப்படி வைக்கிறது?

1992ல மதுரையில ஆரோலேப் தொடங்குச்சு. அமெரிக்காவோட சேவா அறக்கட்டளையும் டேவிட் கிரீன்கறவரும் தொழில்நுட்பம் கொண்டுவர உதவினாங்க. ஒரு துண்டு அக்ரிலிக்கைத் துல்லியமா கடையணும், மெருகேத்தணும், கிருமி நீக்கணும். அது சுத்தமான எஞ்சினியரிங் வேலை. சுமார் 10 டாலருக்கு லென்ஸ் வந்துச்சு, பிறகு அதுக்கும் கீழே இறங்குச்சு. இன்னைக்கு 100க்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகுது. விலை குறைஞ்சதுனாலதான் சோடாபுட்டி கண்ணாடி நம்ம தெருவுல இருந்து மறைஞ்சுச்சு.

மூன்றாவது தடை: நேரமும் ஆளும்

சர்ஜன்கள் குறைவு, நோயாளிகள் அதிகம். தீர்வு என்ன? ஒரு சர்ஜனுக்கு ரெண்டு டேபிள். ஒண்ணுல ஆபரேஷன் நடக்கும்போது அடுத்ததுல நோயாளி தயாரா இருப்பார். சர்ஜன் தலையைத் திருப்பினா அடுத்த கண். கண் அளவெடுக்கிறது, தயார்ப்படுத்துறது எல்லாம் ரெண்டு வருஷம் பயிற்சி பெற்ற கிராமத்துப் பெண்கள் பொறுப்பு. காசு கொடுக்கிறவங்க கட்டணத்துல கொடுக்க முடியாதவங்களுக்கும் சிகிச்சை. ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூல் 1993ல இதைப் பாடமாவே எழுதி வச்சிருக்கு. எழுதியவர் வி. கஸ்தூரி ரங்கன். உலகத்துல பல எம்பிஏ மாணவர்கள் அதைப் படிச்சுட்டுத்தான் வெளிய வர்றாங்க.

வேகமா செஞ்சா தரம் குறையாதான்னு நீங்க கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆபரேஷனுக்குப் பிறகு கண்ணுக்குள்ள சீழ் பிடிக்கிறதுதான் எங்களுக்கு இருக்கிற பெரிய பயம். பார்வையே போயிடலாம். அரவிந்த்ல ஒவ்வொரு ஆபரேஷனையும் ஒரே மாதிரி பதிவு பண்ணி வச்சிருந்தாங்க. அதனால 6 லட்சம் ஆபரேஷன்களை ஒரே ஆய்வுல எடுத்துப் பார்க்க முடிஞ்சுது. கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு ஆபரேஷன் முடிவுல மாக்ஸிஃப்ளாக்சசின் மருந்தைக் கண்ணுக்குள்ளயே செலுத்தியிருந்தாங்க. மருந்து போடாதவங்கள்ல 10,000க்கு சுமார் 7 பேருக்குச் சீழ். போட்டவங்கள்ல 2 பேர். இவ்வளவு அபூர்வமான ஒண்ணை 500 ஆபரேஷனை வச்சுக் கண்டுபிடிக்கவே முடியாது. அங்க ரெஜிஸ்டர்தான் ஆய்வுக்கூடம்.

நான்காவது தடை: வராதவங்க

இதுதான் எனக்கு இந்த வரலாற்றுல ரொம்ப முக்கியம்.

ஆபரேஷன் இலவசம், லென்ஸ் இலவசம், முகாம் பக்கத்து ஊருல. அப்புறம் ஏன் எல்லாரும் வரல? 1991ல வெளியான ஒரு ஆய்வு 90 கிராமத்துல இதைச் சோதிச்சுச்சு. ஆபரேஷன் மட்டும் இலவசம்னா ஒரு அளவு. அதோட பஸ் செலவும் சாப்பாடும் சேர்த்துக் கொடுத்தப்பதான் சம்மதிச்சவங்க கூடினாங்க. நாம இலவசம்னு நினைக்கிறது அவங்களுக்கு இலவசமா இல்ல. ஆச்சியோட துணைக்கு வர்ற மகனுக்கு ஒரு நாள் கூலி போகுதே.

1999ல இன்னொரு ஆய்வு. மதுரைப் பக்கம் முகாம் நடக்குற கிராமங்களுக்கே போய் வீடு வீடா கேட்டாங்க. கண் பிரச்சினை இருக்கிறவங்கள்ல முகாமுக்கு வந்தவங்க 100க்கு 7 பேர்தான்! முகாம்ல கூட்டம் அலைமோதும். மேடையில நின்னு பார்த்தா ஊரே வந்த மாதிரி இருக்கும். வராத 93 பேர் மேடையில இருந்து தெரிய மாட்டாங்க. பயம், செலவு, வீட்டுப் பொறுப்பு, "வயசாச்சு, இனி எதுக்கு"ங்கற நினைப்பு, இதெல்லாம்தான் காரணம். தன் வேலையோட குறையைத் தானே எண்ணி, அதை வெளிநாட்டு ஜர்னல்ல போடுறதுக்கு ஒரு துணிச்சல் வேணும்.

அதுக்குப் பதிலாத்தான் சின்ன ஊர்கள்ல நிரந்தரமான பார்வை மையங்கள் வந்துச்சு. அங்க பயிற்சி பெற்ற பணியாளர் கண்ணைச் சோதிப்பார். டாக்டர் நகரத்துல இருந்து வீடியோவுல பேசுவார். ஆனா 2000களின் நடுவுல கிராமத்துல வீடியோவுக்கு இன்டர்நெட் ஏது? கலிபோர்னியா பெர்க்லி பல்கலைக்கழகத்துல எரிக் ப்ரூவர் குழு தேனியில வந்து வேலை செஞ்சுச்சு. சாதாரண வைஃபை ஒரு வீட்டுக்குள்ள ஓடறதுக்குச் செஞ்சது. ஒவ்வொரு தகவலுக்கும் "வந்து சேர்ந்துச்சு"ன்னு உடனே பதில் எதிர்பார்க்கும். பல கிலோமீட்டர் தூரத்துல அந்தப் பதில் தாமதமாகி எல்லாம் குழம்பிடும். அவங்க அந்த விதியை மாத்தி, ரெண்டு முனைக்கும் முறை வச்சுப் பேச வச்சாங்க. 2007ல அது கணினி மாநாட்டுல கட்டுரையா வந்துச்சு. அடுத்த வருஷக் கட்டுரை இன்னும் சுவாரஸ்யம்: களத்துல பெரிய எதிரி சிக்னல் இல்ல, கரண்டு. ஏறி இறங்குற மின்னழுத்தத்துல கருவிகள் பாழாப்போச்சு. லேப்ல உட்கார்ந்திருந்தா இது தெரிஞ்சிருக்காது.

இப்போ: சர்க்கரையும் கணினியும்

இன்னைக்குப் புதுக் கவலை சர்க்கரை நோயால வர்ற விழித்திரைப் பாதிப்பு. கண்புரைக்கு நேர் எதிர் குணம். கண்புரையில பார்வை மங்குறது தெரியும், ஆபரேஷன் பண்ணா திரும்பும். இதுல ஆரம்பத்துல எதுவுமே தெரியாது. தெரியும்போது போன பார்வை பெரும்பாலும் திரும்பாது.

2016 டிசம்பர்ல ஜாமா இதழ்ல கூகுள் குழு ஒரு ஆய்வு வெளியிட்டுச்சு. 1,28,175 விழித்திரைப் படங்களை வச்சுக் கணினிக்குப் பழக்கினாங்க. படம் கொடுத்ததுல அரவிந்த், சங்கர நேத்ராலயாவும் உண்டு. ஒவ்வொரு படத்தையும் கண் மருத்துவர்கள் 3 முதல் 7 முறை பார்த்துக் குறிச்சாங்க. கணினி நிபுணர்களுக்கு இணையா கண்டுபிடிச்சுச்சு. 2019ல இதே ரெண்டு ஆஸ்பத்திரியிலயும் 3,049 நோயாளிகள்கிட்ட சோதிச்சும் தேறுச்சு.

ஆனா தாய்லாந்து கிளினிக்குகளுக்குக் கொண்டுபோனப்ப, ஐந்துல ஒரு படத்தைத் தெளிவில்லைன்னு கணினி தள்ளிடுச்சு. அறையில வெளிச்சம் சரியில்ல, இன்டர்நெட் இழுவை. தள்ளப்பட்டவங்களை வேற நாள் வேற ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னாங்க. மறுபடியும் அதே பஸ் செலவு, அதே ஒரு நாள் கூலி. 1991 கிராமத்துக் கேள்விக்கே திரும்ப வந்துட்டோம்.

நாலு துறையையும் இழுத்துவந்தது பெரிய தத்துவம் இல்ல. யார் இன்னும் வரல, ஏன் வரலங்கற கேள்விதான். ஒரு தடை விலகினா அடுத்தது கண்ணுல படும். அது எந்தத் துறைக்கு உரியதோ அந்தத் துறைக்காரரைக் கூப்பிட்டாங்க. அரசு ஆஸ்பத்திரிகள்ல வேலை பார்க்குற எங்களுக்கும் இது பாடம். எங்க ஓபி நோட்டுல வந்தவங்க எண்ணிக்கை பத்திரமா இருக்கு. வராதவங்களுக்கு ஒரு பத்தி இல்ல. அதை எழுத ஆரம்பிச்சாலே பாதி ஆராய்ச்சி.

உங்ககிட்ட ரெண்டு கோரிக்கை.

பாபநாசமோ, அம்பையோ, ஸ்ரீவைகுண்டமோ, உங்க ஊர் எதுவானாலும் வீட்டுப் பெரியவங்களுக்குப் பார்வை மங்கினா "வயசானா அப்படித்தான்"னு விடாதீங்க. அரசு ஆஸ்பத்திரியில லென்ஸோட ஆபரேஷன் இலவசம். துணைக்கு ஒரு நாள் லீவு போட்டு நீங்க கூட வாங்க. அவங்களைத் தடுத்து நிறுத்துறது பெரும்பாலும் அதுதான்.

சர்க்கரை இருந்தா, பார்வை நல்லா இருந்தாலும், வருஷத்துக்கு ஒரு முறை சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பாருங்க. அன்னைக்கு வண்டி ஓட்டாதீங்க, சில மணி நேரம் கண் கூசும்.

சந்தேகம் இருந்தா கீழே கேளுங்க, டியூட்டி முடிஞ்சதும் பதில் சொல்றேன்.