குண்டு விழுந்த தூரமும் மடையின் அளவும்

கெடிலம் கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே, கடலூர் தேவனாம்பட்டினத்தில், 1690-இல் ஒரு கோட்டை கைமாறியது. விற்றவர் செஞ்சியிலிருந்து ஆண்ட மராட்டிய மன்னர் இராஜாராம். வாங்கியது ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி. அப்போது சென்னையில் அதன் ஆளுநர் எலிஹு யேல். கோட்டையோடு எவ்வளவு நிலம் சேரும் என்பதற்கு வேலிக் கணக்கும் இல்லை, எல்லைக் கல்லும் இல்லை. கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எங்கே போய் விழுகிறதோ அதுவரை கம்பெனிக்குச் சொந்தம் என்று பேச்சு. நாலா பக்கமும் சுட்டார்கள். அந்த வட்டத்துக்குள் கடலூர் ஊரும் சுற்றுக் கிராமங்களும் விழுந்தன. குண்டு கிராமங்கள் என்ற பெயர் அவற்றுக்கு நின்றுவிட்டது. ஒரு கோட்டைக்கு எவ்வளவு நிலம் தேவை என்று யாரும் கேட்கவில்லை. கருவி எட்டிய தூரமே உரிமையின் எல்லை ஆயிற்று.

முன்னூறு ஆண்டுக்கு முந்தைய இந்த விற்பனை, சர்வர்களையும் கிளவுட் கட்டமைப்பையும் ஏஐ ஏஜென்ட்டுகளிடம் ஒப்படைக்கத் தொடங்கியிருக்கும் இன்றைய பொறியாளர்களுக்கு நேரடியாக உதவக்கூடியது என்பது என் வாதம். ஏஜென்ட் என்ற சொல்லுக்குப் பொருள் நமக்குப் புதிதல்ல: நாம் இல்லாத இடத்தில், நம் பெயரால், நமக்காக முடிவெடுத்துச் செய்பவர். லண்டன் இயக்குநர்களுக்குக் கடலூரிலும் சென்னையிலும் இருந்தவர்கள் அப்படிப்பட்டவர்கள்தாம். நன்னம்பிக்கை முனையைச் சுற்றி ஒரு கடிதம் போய்ச்சேர ஏறக்குறைய ஆறு மாதம். கேட்டுச் செய்ய நேரமில்லை என்பதால் செய்துவிட்டுச் சொல்வது வழக்கமாயிற்று. 1746-இல் சென்னை பிரெஞ்சுக்காரரிடம் போனதும் தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டையே தென்னிந்தியாவில் கம்பெனியின் தலைமையிடம் ஆயிற்று. 1752 வரை அப்படியே இருந்தது. 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி அதைப் பிடித்து இடித்தார். கோட்டை போயும் கம்பெனி போகவில்லை. 1801-இல் கர்நாடக நவாபின் நாடு முழுவதும் அதன் நிர்வாகத்துக்குள் வந்தது. வியாபாரத்துக்கு என்று அனுப்பப்பட்ட முகவர்கள் வரி வாங்கும் அரசாக மாறியதை ஒரே நாளில் நடந்த சதியாகப் பார்ப்பவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. கொடுத்த அதிகாரத்துக்கு வேலையை வைத்து எல்லை போடாமல், கைக்கு எட்டியதை வைத்து எல்லை போட்டால் வட்டம் தானாகவே விரியும். குண்டு கிராமங்கள் அதன் முதல் சான்று.

இப்போது சர்வர் அறைக்கு வருவோம். ஒரு காலத்தில் நிர்வாகி ஒவ்வொரு சர்வரிலும் நுழைந்து கட்டளைகளைத் தட்டச்சு செய்தார். 2014-இல் டெராஃபார்ம், குபர்னெட்டிஸ் ஆகிய இரண்டும் வெளிவந்தபின் வேலையின் வடிவம் மாறியது: எத்தனை சர்வர் வேண்டும், எந்த மென்பொருள் எங்கே ஓட வேண்டும் என்று கோப்பில் எழுதிவைத்தால் மற்றதை இயந்திரம் செய்துகொள்ளும். அந்தக் கோப்பைத் தானே எழுதி, தானே ஓட்டி, பிழை வந்தால் தானே திருத்தி மறுபடி ஓட்டும் ஏஜென்ட் இப்போது வந்திருக்கிறது. அதற்குத் தரப்படும் சாவி பல இடங்களில் பொறியாளர் தன் சொந்த வேலைக்கு வைத்திருக்கும் சாவியேதான். அந்தச் சாவி திறக்கும் கதவெல்லாம் ஏஜென்ட்டுக்கும் திறக்கும். இதுவும் குண்டு விழும் தூரக் கணக்குத்தான். 2025 ஜூலையில் ரெப்ளிட் நிறுவனத்தின் ஏஐ ஏஜென்ட், எதையும் மாற்றக்கூடாது என்று சொல்லப்பட்டிருந்த நேரத்தில், ஒரு வாடிக்கையாளரின் நேரடிப் பயன்பாட்டில் இருந்த டேட்டாபேஸை அழித்தது. மீட்க வழியில்லை என்றும் அதுவே சொன்னது, வழி இருந்தது. நிறுவனத் தலைவர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். சோதனைக்கான டேட்டாபேஸையும் நேரடி டேட்டாபேஸையும் பிரிக்கும் வேலை அதற்குப் பிறகுதான் நடந்தது. செய்யாதே என்ற சொல் இருந்தது, நடுவே கரை இல்லை.

அந்தக் கரை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அதே கடலூர் மாவட்டத்தில், சிதம்பரத்துக்குத் தென்மேற்கே, ஆயிரம் ஆண்டு மூத்த சான்று கிடக்கிறது. முதலாம் பராந்தகன் (907–955) காலத்தில் வெட்டப்பட்டு, அவனுடைய வீரநாராயணன் என்ற பட்டத்தால் வீரநாராயண ஏரி என்று பெயர் பெற்றது இன்றைய வீராணம். நீளம் சுமார் 16 கிலோமீட்டர். முழுக் கொள்ளளவு 146.5 கோடி கன அடி, முழு நீர்மட்டம் 47.5 அடி, பாசனம் 44,856 ஏக்கர். கொள்ளிடத்துக் கீழணையிலிருந்து வடவாறு வழியாக இதற்குத் தண்ணீர் வருகிறது. ஆதியில் 74 மதகுகள் இருந்தன என்பது மரபு; இராமானுசர் நியமித்த 74 சிம்மாசனாதிபதிகளின் எண்ணிக்கையை வைணவர்கள் இந்த மதகுகளோடு சேர்த்துச் சொல்வார்கள். எண்ணைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அந்த ஏற்பாடு. இவ்வளவு பெரிய நீரை ஒரே வாயில் வழியாக, ஒரே கையில் விடவில்லை. ஒரு மடை, அதற்கென்று ஓர் ஆயக்கட்டு, அதாவது அந்த மடைநீர் பாயும் நிலப்பரப்பு. மடையைத் திறப்பவர் எவ்வளவு தவறு செய்தாலும் அந்த ஆயக்கட்டைத் தாண்டிச் சேதம் போகாது. துளையின் அகலத்தைக் கல்லிலேயே வெட்டி வைத்தார்கள். அவசரமோ ஆசையோ கல்லை அகலப்படுத்தாது. குமிழித் தூம்பு வைத்த ஏரிகளில் தண்ணீர் போக நீரோடித் துளையும் வண்டல் போகச் சேறோடித் துளையும் தனித்தனியே இருந்தன. இரண்டு வேலைக்கு இரண்டு வழி.

மடையைத் திறந்து அடைத்தவர் நீர்க்கட்டி. நீர்பாய்ச்சி, கம்புகட்டி, மடையர் என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும். யார் வயலுக்கு எத்தனை நேரம், பஞ்ச காலத்தில் முறைப்பாய்ச்சல் யாரிடம் தொடங்கும் என்பதெல்லாம் அவர் கையில். பல ஊர்களில் அவருக்கு அந்த ஆயக்கட்டில் சொந்த நிலம் இருக்காது. கூலி, அறுவடையில் களத்திலிருந்து அளக்கும் நெல். எல்லார் வயலும் விளைந்தால்தான் அவருக்கும் முழு அளவு. மடையின் அதிகாரம் அவரிடம் இருந்தது, மடையின் ஆதாயம் அவரிடம் இல்லை. ஒரு மடைக்கு ஒருவர் என்ற கட்டும் வீண் கட்டு இல்லை. 2025 அக்டோபரில் அமேசான் கிளவுடின் அமெரிக்கக் கிழக்கு மண்டலம் பல மணி நேரம் முடங்கியதற்குக் காரணம், ஒரே முகவரிப் பதிவை எழுதும் இரண்டு தானியங்கிகள். பின்தங்கிப்போன ஒன்று பழைய திட்டத்தைப் புதியதன்மேல் எழுத, மற்றொன்று அந்தப் பழையதைக் குப்பை என்று துடைக்க, பதிவே வெறுமையாயிற்று. ஒரு மடையில் இரண்டு பேர் கை வைத்த கதை அது. அவற்றில் செயற்கை அறிவு எதுவும் கிடையாது, விதிப்படி ஓடும் எளிய நிரல்கள்தாம். விதிப்படி ஓடுவதற்கே இவ்வளவு என்றால், தானே யோசித்து ஓடுவதற்கு இன்னும் கட்டு வேண்டும்.

கணக்கு என்ற விஷயத்தில் அதே பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் துணைக்கு வருகின்றன. 919-லும் 921-லும் வெட்டியவை. ஏரி வாரியத்துக்கு ஆறு பேர், குடவோலை முறையில். பதவி 360 நாள். கடந்த மூன்றாண்டில் வாரியம் செய்தவர் மறுபடி வர முடியாது. குற்றம் தெரிந்தால் ஆண்டு முடியக் காத்திராமல் அப்போதே நீக்கம். இவற்றையெல்லாம்விட என்னை நிறுத்திய விதி, முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் ஓலையிலேயே பெயர் எழுதப்படும் தகுதியை இழப்பது. திறமையானவரா என்று பார்த்தார்கள். வயது, நிலம், கல்வி எல்லாம் கேட்டார்கள். ஆனால் திறமை கணக்கை ஈடுசெய்யும் என்று அவர்கள் நினைக்கவில்லை. இரண்டாண்டுக்குள் மறுபடி கூடி விதியைத் திருத்தியும் இருக்கிறார்கள். ஏஜென்ட்டின் சாவி குறிப்பிட்ட நேரத்தில் தானாகக் காலாவதியாக வேண்டும், அது செய்த ஒவ்வொன்றும் அதனால் திருத்த முடியாத லாகில் பதிய வேண்டும் என்று இன்று பாதுகாப்புப் பொறியாளர்கள் கேட்பது இதைத்தான்.

இதற்கு வரும் மறுப்புகளில் இரண்டு எளியவை, இரண்டு கடினமானவை. மனிதன் மட்டும் தவறாதவனா என்பது முதலாவது. தவறுவான். 2012 ஆகஸ்ட் 1 அன்று நைட் கேப்பிடல் என்ற பங்கு வணிக நிறுவனத்தில் எட்டு சர்வர்களுக்குப் புதிய நிரல் ஏற்ற வேண்டிய ஆள் ஒன்றை விட்டுவிட்டார். 45 நிமிடத்தில் 44 கோடி டாலருக்கு மேல் போயிற்று. 2017 பிப்ரவரியில் அமேசான் ஊழியர் ஒருவர் கட்டளையைத் தவறாகத் தட்ட, நினைத்ததைவிட மிக அதிகமான சர்வர்கள் நின்றன; இணையத்தின் பெரும்பகுதி சில மணி நேரம் தள்ளாடியது. ஆனால் அமேசான் அதன்பின் செய்த திருத்தத்தைப் பாருங்கள்: சர்வர்களை மெதுவாகத்தான் விலக்க முடியும், குறைந்தபட்ச அளவுக்குக் கீழே விலக்கவே முடியாது என்று கருவியை மாற்றினார்கள். ஆளைத் திருத்துவதோடு நிற்காமல் மடைத் துளையைச் சிறிதாக்கினார்கள். திறப்பது மனிதனா ஏஜென்ட்டா என்ற வேறுபாடு அந்தத் துளைக்கு இல்லை. நீர்க்கட்டிக்கு ஊர்ப்பயம் உண்டு, மானம் உண்டு, ஏஜென்ட்டுக்கு அவை இல்லையே என்பது இரண்டாவது மறுப்பு. உண்மைதான், மானத்தை நம்ப முடியாத இடத்தில் கல்லைத்தான் நம்ப வேண்டும்.

மூன்றாவது மறுப்புக்கு எடை உண்டு. எல்லாவற்றுக்கும் மேலிருந்து அனுமதி வேண்டும் என்றால் வெள்ளம் காத்திருக்காது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்த நேரம் பற்றிய சர்ச்சை தமிழ்நாட்டில் இன்னும் அடங்கவில்லை. தணிக்கைத் துறை குறை கூறியது, அரசு மறுத்தது. நம் ஏரி கட்டியவர்களுக்கு இந்தச் சிக்கல் தெரியும். அவர்களுடைய பதில் கலிங்கு. நீர் ஓர் அளவைத் தாண்டினால் யார் உத்தரவும் இல்லாமல், யாரும் விழித்திருக்காவிட்டாலும், அது வழிந்து போகும். முடிவை நெருக்கடி நேரத்தில் எடுக்காமல் ஏரி கட்டும்போதே எடுத்து வைத்தார்கள். கூடவே ஆபத்தான ஒரு வழக்கமும் இருந்தது: கலிங்கின் நடுகற்களுக்கிடையே பலகையும் மண்ணும் வைத்து இன்னும் கொஞ்சம் நீர் பிடிப்பது. பருவம் முடிகையில் செய்தால் லாபம்; நடு மழையில் செய்தால் கரை உடையும். ஏஜென்ட்டுக்கு மடைமேல் எவ்வளவு உரிமை தந்தாலும் தரலாம், கலிங்கை அடைக்கும் உரிமையைத் தரக்கூடாது. தானே நின்றுவிடும் வரம்பு, அழித்ததை மீட்கும் பிரதி, செலவின் உச்சவரம்பு ஆகியவற்றை மாற்றும் சாவி அதன் கைக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். வீராணத்தின் உபரிநீரை லால்பேட்டை அருகே வெள்ளியங்கால் ஓடையில் பெருமளவில் திறக்கும்போது திருநாரையூர், சர்வராஜன்பேட்டைப் பக்கத்து வயல்கள் மூழ்குகின்றன. அங்கே ஷட்டரைத் தூக்குவது யார் பயிர் போக வேண்டும் என்ற முடிவு. அத்தகைய முடிவுக்குப் பெயர் சொல்லிப் பொறுப்பேற்க ஒரு மனிதர் வேண்டும்.

நான்காவது மறுப்பு எல்லாவற்றிலும் நியாயமானது. நீர்க்கட்டிகள் பெரும்பாலும் தலித் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள், வேலை பரம்பரை, நிலம் இல்லாதது நடுநிலைக்காக அவர்கள் தேர்ந்துகொண்டது அல்ல, அவர்களுக்கு மறுக்கப்பட்டது. உத்திரமேரூர்க் குடவோலையில் நிலமும் வேதக் கல்வியும் உள்ளவர் பெயரே விழும். அந்தச் சமூகத்தை மாதிரியாகக் காட்ட எனக்கு எந்த எண்ணமும் இல்லை. ஆபத்தான உழைப்பைக் கீழே தள்ளி, அதிகாரத்தை மேலே வைத்துக்கொண்ட அமைப்பு அது. சர்வர் விழுந்தால் இரவு இரண்டு மணிக்கு எழுப்பப்படும் இளைய பொறியாளரின் தலையில் ஏஜென்ட் செய்த தவற்றையும் ஏற்றினால், அந்த அநீதியின் சாயல் இங்கேயும் வந்துவிடும். எடுத்துக்கொள்ள வேண்டியது மடை, கலிங்கு, கணக்கு. விட்டுவிட வேண்டியது, பொறுப்பை எப்போதும் கடைசி ஆள்மேல் போடும் பழக்கம்.

1836-இல் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் அணைக்கரையில் கீழணையைக் கட்டியபின் வீராணத்தின் தலைவிதி அந்த ஒரே வாயிலோடு பிணைந்தது. விளைச்சல் பெருகியது, மறுக்க முடியாது. மடைச் சாவி மெல்ல ஊரிலிருந்து பொதுப்பணித்துறையின் லஸ்கர் என்ற ஊழியர் கைக்குப் போயிற்று. ஏரி, கால்வாய்களைச் செப்பனிடும் குடிமராமத்தை மக்கள் தாமே செய்துவந்த நிலை மாறி, 1858-இல் அதைக் கட்டாயப்படுத்தச் சட்டம் போட வேண்டியதாயிற்று. காட்டன் காலத்து முக்கொம்பு மேலணையில் 2018 ஆகஸ்ட் 22 அன்று ஒன்பது ஷட்டர்கள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டன. எல்லாவற்றையும் ஒரே வாயிலில் சேர்க்கும் வசதி, எல்லாவற்றையும் அந்த ஒரே வாயிலின் உறுதியில் வைக்கும் ஆபத்தும்கூட. கிளவுட் என்பது அத்தகைய அணை. அதன் ஷட்டர் அறையில் இப்போது ஏஜென்ட்டை உட்கார வைக்கிறோம்.

2004 முதல் வீராணத்துத் தண்ணீர் சுமார் 235 கிலோமீட்டர் குழாயில் சென்னைக்குப் போகிறது. அந்த நீரைக் குடித்துக்கொண்டு சென்னையில் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் தமிழ்ப் பொறியாளர்கள் பல்லாயிரம் பேர். அவர்களிடம் நான் கேட்பது ஒன்று: அடுத்த ஏஜென்ட்டுக்குச் சாவி கொடுக்குமுன், அது எந்த மடையைத் திறக்கும், எந்த ஆயக்கட்டுக்கு, எத்தனை நாளைக்கு, கணக்கை யார் பார்ப்பார் என்று நான்கு வரி எழுதுங்கள். எழுத முடியவில்லை என்றால் சாவியைக் கொடுக்காதீர்கள்.