துப்பாக்கி போன வழியில் கமரா

1864இல் ஆபிரிக்காவின் அல்பேர்ட் ஏரியைக் கண்டு உலகப் புகழ் பெற்ற சாமுவேல் பேக்கர், அதற்கு முன் இலங்கையில் இருந்தவர். நுவரெலியாவில் குடியேறி, காடு காடாகத் திரிந்து யானை சுட்டார். சுட்ட கதைகளைப் புத்தகமாகவும் எழுதினார். அவருக்கும் முந்தியவர் மேஜர் ரொஜர்ஸ். 1,400க்கு மேல் யானைகளைக் கொன்றவர் என்று பேர் எடுத்து, 1845இல் அப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார். வெள்ளைக்கார வேட்டைக்காரருக்குக் கைபழகிய காடுகளில் எங்கள் தீவின் காடும் ஒன்று.

நான் காங்கேசன்துறையில் பிறந்த ஒளிப்படக்காரன். கலியாண வீடுகள் சோறு போடுகின்றன. தை, மாசியில் பறவை பார்க்க வருபவர்களைச் சுண்டிக்குளத்துக்கும் நெடுந்தீவுக்கும் கூட்டிப் போவேன். அவர்களில் பலர் புலம்பெயர்ந்த எங்கள் ஆட்கள். ஆபிரிக்காவின் மசாய் மாராவில் எடுத்த சிங்கத்தையும் செரெங்கெற்றியில் எடுத்த வரிக்குதிரைக் கூட்டத்தையும் போனில் காட்டி, "எங்கட பக்கத்தில இப்பிடி ஒண்டும் இல்லையே அண்ணை" என்பார்கள். இருந்தது. இன்றும் கொஞ்சம் இருக்கிறது. அந்தக் கதையை அவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் சொல்லவேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

வன்னிக் காட்டில் பிடித்த யானைகளை ஆனையிறவுக் களப்பு வழியாகக் குடாநாட்டுக்குள் ஓட்டி வருவார்கள். 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்த போர்த்துக்கேயரும், 1658இல் அவர்களைத் துரத்திய ஒல்லாந்தரும் வன்னித் தலைவர்களான வன்னியர்களிடம் யானையைத் திறையாக வாங்கினார்கள். ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணத்தில் யானைச் சந்தை கூடும். கோல்கொண்டாவிலிருந்தும் சோழமண்டலக் கரையிலிருந்தும் வணிகர் வந்து, உயரம் அளந்து விலை பேசுவார்கள். ஊர்காவற்றுறையில் மரக்கலம் ஏறிய யானை பிறகு இந்த மண்ணை மிதித்ததில்லை.

பிரித்தானியர் வந்ததும் யானை விலைப்பொருள் என்ற நிலை மாறி, பயிரை அழிக்கும் பிராணி ஆகிவிட்டது. கொன்றால் தலைக்கு இத்தனை சிலிங் என்று அரசாங்கம் சன்மானம் அறிவித்தது. 1848க்கு முந்திய மூன்று ஆண்டுக்குள், வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500க்கு மேற்பட்ட யானைகள் கொல்லப்பட்டன என்று குடியேற்றச் செயலாளராக இருந்த எமேர்சன் ரெனன்ற் எழுதிவைத்தார். யானை கொன்று கூலி வாங்கியவர்கள் எங்கள் ஆட்கள்தான். இதை மறைத்து வரலாறு எழுத முடியாது.

காடு வெறுமையானதும் வேட்டைக்காரருக்கே பயம் வந்தது. 1894இல் அவர்களும் தோட்டத்துரைமாரும் கூடி வேட்டை விலங்குகளைக் காக்க ஒரு சங்கம் அமைத்தார்கள். 1937இல் தாவர, விலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1938இல் யால, வில்பத்து இரண்டும் தேசியப் பூங்காக்கள் ஆயின. அதே ஆண்டில் எங்கள் சுண்டிக்குளமும் பறவைச் சரணாலயம் ஆனது.

இதற்குள் ஆபிரிக்காவில் கமரா நுழைந்துவிட்டது. கிளிமஞ்சாரோப் பக்கத்துக் காடுகளில் இரவிலே மக்னீசிய வெளிச்சம் வெடிக்கவைத்து விலங்குகளைப் படம் பிடித்தார் ஜேர்மன்காரர் ஷில்லிங்ஸ். 1905இல் அவர் நூல் வெளிவந்தது. கமராவோடு அவர் துப்பாக்கியும் கொண்டு போனவர். இந்தியாவில் சம்பியன் என்ற வன அதிகாரி, புலி நடக்கும் தடத்தில் கம்பி கட்டி, அதன் கால் பட்டதும் தானாகப் படம் விழும்படி செய்தார்.

தமிழரில் இந்த வரிசையில் முதலில் சொல்லவேண்டியவர் மா. கிருஷ்ணன் (1912–1996). நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். பல கமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே கோத்த கமராவில், கறுப்பு வெள்ளையில் யானைகளைப் படம் பிடித்தார். தமிழிலும் ஆங்கிலத்திலும் காட்டைப் பற்றி எழுதினார். விலங்கின் உடல் இலக்கணம் தெரியும்படி எடுத்த படங்கள் அவை. இலங்கையில் நிஹால் பெர்னாண்டோ தன் 'ஸ்ரூடியோ ரைம்ஸ்' மூலம் காட்டையும் நிலத்தையும் அதே மரியாதையோடு பதிவு செய்தார். இவர்கள் இருவர் படங்களையும் பார்த்துத்தான் நான் பொறுமை பழகினேன்.

இனி ஆபிரிக்கப் படங்களில் தெரியாத ஒரு விஷயத்துக்கு வருகிறேன். 1959இல் பெர்ன்ஹார்ட் கிர்சிமெக்கின் செரெங்கெற்றித் திரைப்படம் உலகத்தையே அந்தப் புல்வெளிக்கு இழுத்தது. அதே ஆண்டில்தான் அங்கே மாடு மேய்த்த மசாய் மக்கள் செரெங்கெற்றியை விட்டு ங்கொரொங்கோரோப் பக்கம் போக வைக்கப்பட்டார்கள். தென்னாபிரிக்காவில் 1969இல் மக்குலேக்கே மக்கள் பாஃபூரியிலிருந்து வலுக்கட்டாயமாக வெளியேற்றப்பட்டு, அவர்கள் நிலம் குரூகர் பூங்காவுடன் சேர்க்கப்பட்டது. ஆள் இல்லாத ஆதி நிலம் என்று நாம் வியந்து படம் எடுக்கும் இடங்களில் பல, ஆட்களை அகற்றிய பிறகு வெறுமையான இடங்கள்.

எங்கள் ஊருக்கு இது புதிதல்ல. 1990 ஜூனில் போர் மூண்டதும், காங்கேசன்துறை அடங்கிய வலிகாமம் வடக்கின் பெரும்பகுதி எழுந்து நடந்தது. நான் அப்போது பள்ளிக்கூடப் பையன். அப்பா வேலை செய்த சீமெந்துத் தொழிற்சாலை நின்றது, ரயில் நின்றது, ஊர் உயர் பாதுகாப்பு வலயம் ஆனது. மல்லாகத்தில் இடம்பெயர்ந்து இருந்தபோது ஒரு ஸ்ரூடியோவின் இருட்டறையில் வேலை பழகினேன். மின்கலத்துக்கே தடை இருந்த காலம். பிலிம் சுருள் ஒன்று கையில் கிடைத்தால் ஒவ்வொரு படமும் கணக்குத்தான்.

2015 தையில் ரயில் மறுபடி காங்கேசன்துறைக்கு வந்தது. கமராவோடு ஆட்களும் வந்தார்கள். கூரை போன வீடுகளில் ஆலமரம் வேர் இறக்கியிருந்தது. சுவரைப் பிளந்த வேரையும், சுண்ணாம்புக்கல் தோண்டிய பள்ளங்களில் நின்ற நீரையும் 'மனிதன் தொடாத அழகு' என்று ஒருவர் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அவர் நின்ற இடம் என் பெரியம்மாவின் குசினி. அவரிடம் அந்த வீட்டின் கதையைச் சொன்னேன். கேட்டபின் கமராவை மூடிவைத்துவிட்டு என்னோடு கிணற்றடி வரை நடந்தார். காணிகள் கட்டம் கட்டமாக விடுபட்டாலும் ஊர் இன்னும் முழுதாகத் திரும்பவில்லை.

மக்குலேக்கே மக்கள் விடாமல் போராடி 1998இல் தங்கள் நிலத்தின் உரிமையை மீட்டார்கள். மீட்ட நிலத்தை விலங்குகளுக்கே விட்டு, வரும் பயணிகளால் கிடைக்கும் வருமானத்தைத் தங்கள் சமூகத்துக்கு எடுத்துக்கொள்ளத் தீர்மானித்தார்கள். அதற்கும் முன்னரே, 1950இல் இன்றைய சாம்பியாவின் லுவாங்வா ஆற்றங்கரையில் நோர்மன் கார் என்பவர் தலைவர் ன்செஃபுவோடு பேசி, சுடுவதற்குப் பதிலாகப் பார்க்கவும் படம் எடுக்கவும் வருபவர்களுக்கு ஒரு முகாம் அமைத்தார். அதன் வருமானம் ஊர் மக்களின் நிதிக்குப் போனது. யானையைச் சுட்டால் சன்மானம் என்ற எங்கள் பழைய கணக்குக்கு நேர் எதிரான கணக்கு அது.

அந்தக் கணக்கு எங்கள் பக்கத்துக்கும் வேண்டும். 2015இல் சுண்டிக்குளமும் நெடுந்தீவும் தேசியப் பூங்காக்கள் என்று அறிவிக்கப்பட்டன. சுண்டிக்குளத்தில் பூநாரையும் கூழைக்கடாவும் ஊசிவால் வாத்தும் இறங்குகின்றன. நெடுந்தீவில் அந்நியர் கொண்டுவந்த குதிரைகளின் வழிவந்தவை கட்டாக்காலியாக மேய்கின்றன. அராபிய வணிகர் கொண்டுவந்தது என்று சொல்லப்படும் ஆபிரிக்கப் பெருக்கமரமும் அங்கே நிற்கிறது. களப்பில் எந்த இடம் புதையும், எந்தக் காற்றில் பறவை எந்தக் கரைக்கு ஒதுங்கும் என்று தெரிந்தவர் அங்கே இறால் பிடிக்கும் மனிதர். படகையும் வழிகாட்டலையும் அவரிடமே வாங்குங்கள்.

கமராவோடு வரும் எல்லாருக்கும் இன்னும் சில வேண்டுகோள்கள். பூநாரை தலையைக் கவிழ்த்து, ஆழமற்ற உவர்நீரை அலகால் வடித்துத் தின்னும் பறவை. வயிறு நிறைய அதற்கு நெடுநேரம் வேண்டும். பறக்கும் படத்துக்காகக் கை தட்டியும் ட்ரோன் விட்டும் அதை எழுப்பாதீர்கள். கூடு கட்டும் இடத்தைப் படத்தோடு ஊரறியச் சொல்லாதீர்கள். ஆள் இல்லாத அழகான நிலம் ஒன்றைக் கண்டால், செரெங்கெற்றியானாலும் காங்கேசன்துறையானாலும், இது யாருடைய நிலம், அவர்கள் இப்போது எங்கே என்று முதலில் கேளுங்கள். அதைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு படம் எடுங்கள்.